பதினான்காவது ஹோலின் வலது கரை

ரிச்சர்ட்ஸ் டவுனில் கிளெமென்ட்டைத் தெரியாதவர்கள் இருந்தால் அவர்கள் நேற்றுதான் குடிவந்தவர்களாக இருக்க வேண்டும். அவன் பிறந்த அன்று மாதா கோயில் மணி தானாக அடித்தது என்று அவனுடைய அம்மா சொல்வாள். மணிக்கயிற்றில் ஒரு குரங்கு தொங்கியது என்று உபதேசியார் சொல்வார். இரண்டில் எது உண்மை என்று தெருவே கூடி விசாரித்ததில், குரங்குதான் கிளெமென்ட் என்று முடிவானது.

அவனுடைய தொழில் மண் தள்ளுவது. டோசர் ஓட்டுவான். முதலில் சாலை வேலை, பிறகு விமான நிலைய வேலை. டோசர் பிளேடால் ரொட்டியில் வெண்ணெய் தடவுவான் என்று பேச்சு. ஒரு கிறிஸ்துமஸுக்கு அதையும் செய்து காட்டச் சொன்னோம். ரொட்டி கிழியவில்லை. தட்டுதான் உடைந்தது, மேஜையும் கொஞ்சம்.

வைட்ஃபீல்டில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலத்தில், அதற்கும் அப்பால், கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியைச் சுற்றிக் கிடந்த மேட்டு நிலத்தில் ஒரு கால்ஃப் கிளப் வந்தது. மைதானத்தை வரைந்து கொடுக்க லாயிட் என்ற இங்கிலாந்துக்காரர் வந்தார். அவர் காகிதத்தில் கோடு போட்டால், அதை மண்ணில் மேடாகவும் பள்ளமாகவும் எழுப்ப ஓர் ஆள் வேண்டும். பல பேரை ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கிளெமென்ட்டை வைத்துக்கொண்டார். இருவருக்கும் இடையே இருந்த பொதுமொழி பாதி ஆங்கிலம், பாதி கையாட்டல். ஆனாலும் லாயிட் சொன்ன ஒரு விஷயத்தை கிளெமென்ட் ஜெபம் மாதிரி ஒப்பிப்பான். ஆட வருகிறவனுக்கு ஒரே வழி இருந்தால் அது வெறும் சாலை. இரண்டு வழி இருந்து, ஒன்று முட்டாள்தனம் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டால் அதுவும் சாலைதான். இரண்டுமே சரி என்று தோன்ற வேண்டும். எதில் போனாலும், மற்றதில் போயிருக்கலாமோ என்று வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகும் உறுத்த வேண்டும். அப்படி உறுத்தினவன் அடுத்த வாரமும் வருவான்.

கால்ஃப் என்றால், வசதியானவர்கள் வெள்ளைப் பந்தைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற விளையாட்டு என்றுதான் பக்கத்து வீட்டுக்காரியான நானும் நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கிளெமென்ட் அதைத் திருத்தினான்.

தட்டில் சோற்றை நீளமாகப் பரப்பினான். நடுவில் விரலால் ஒரு பள்ளம். வலது ஓரத்தில் ரசத்தை ஊற்றினான்.

"சோத்துல விளையாடாத கிளெம். கோழி ஆறிப்போவுது" என்றாள் மௌரீன். அவன் மனைவி. நர்சரி பள்ளிக்கூட டீச்சர். அவனையும் மூன்று வயதுக்காரனாகத்தான் நடத்துவாள்.

"இரு மேன், ஆன்ட்டிக்குக் காட்டுறேன். இதோ பாருங்க ஆன்ட்டி, இதுதான் பதினாலாவது ஹோல். இந்த முனையில நின்னு அடிக்கிறான். அந்த முனையில கொடி. நல்லா அடிச்சா பந்து எங்க விழும்? கரெக்டா இந்த நடுப் பள்ளத்துல. அது மணல். மாட்டினா அவ்ளோதான். அதனால பள்ளத்துக்கு லெஃப்ட்ல போகணும், இல்ல ரைட்ல போகணும்."

"லெஃப்ட்ல எவ்வளவு இடம் கிடக்குது, அங்கயே போலாமே" என்றேன்.

"போலாம். ஜாலியா போலாம். ஆனா அங்கருந்து கொடியப் பாத்தா, முன்னால இன்னொரு மணல் பள்ளம். அதைத் தாண்டி அடிச்சா, தரை அந்தப் பக்கம் சரியும், பந்து நிக்காது. ரைட்ல போனா?" ரசத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே இருந்த ஒல்லியான சோற்றுக் கோட்டில் கறிவேப்பிலையை வைத்தான். "இங்க போய் நின்னுட்டா கதவு தொறந்த மாதிரி. கொடி வரைக்கும் ஒண்ணுமே குறுக்க இல்ல. மொதல்ல பயப்படணும், அப்புறம் சொகம். லெஃப்ட்ல மொதல்ல சொகம், அப்புறம் அழணும்."

"கொஞ்சம் தப்பினா ரசத்துல விழும்" என்றாள் மௌரீன்.

"அங்கதான் என் வேலை" என்று சொல்லி, ரசத்தின் ஓரச் சோற்றை ஸ்பூனின் முதுகால் அழுத்திச் செங்குத்தாக வழித்தான். "கரைய மொட்டை அடிச்ச மாதிரி வழிச்சுட்டேன். பந்து ஓரத்தத் தொட்டாப் போதும், உருண்டு நேரா தண்ணிக்குள்ள."

லாயிட்டின் வரைபடத்தில் அந்தக் கரை அப்படி இல்லை. குவாரிக் குட்டைக்குள் நீளமாக, சோம்பலாக இறங்குகிற சரிவாகத்தான் அவர் வரைந்திருந்தார். கிளெமென்ட்டுக்கு அது போதவில்லை. லாயிட் ஒரு வாரம் ஊரில் இல்லாதபோது, தானே செங்குத்தாக வெட்டி, வழவழவென்று புல்லும் பதித்துவிட்டான். திரும்பி வந்த லாயிட் கரைமேல் நின்று எட்டிப் பார்த்தார். இவ்வளவு கொடூரமாக இருந்தால் ஒருவனும் இந்தப் பக்கம் வரமாட்டானே என்றார். மழை நெருங்கிவிட்டது, மறுபடி வெட்ட நேரமில்லை. தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். கிளெமென்ட் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான். இத்தனை வருடமும் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிவந்தான்: "இங்கிலீஷ்காரனே பயந்துட்டான்."

மைதானம் முடிந்த பிறகு கிளப்பிலேயே இயந்திர வேலைக்கு அவனை வைத்துக்கொண்டார்கள். பதினான்காவது ஹோலுக்கு உறுப்பினர்கள் வைத்த பெயர் கசாப்புக் கடை. நடுவில் இருக்கும் பள்ளத்தை மூடு, குட்டையை மூடு, வெட்டினவனைப் பிடித்து மூடு என்று கூட்டத்துக்குக் கூட்டம் குறை சொல்வார்கள். குறை சொன்னவர்கள் எல்லோரும் அடுத்த சனிக்கிழமையும் வந்து அங்கேயே நின்று, வலதா இடதா என்று யோசிப்பார்கள். யோசித்துவிட்டு இடது பக்கம் அடிப்பார்கள். கிளப்பின் கேப்டன் சேஷகிரி, அது தொடங்கிய நாளிலிருந்து யோசிக்கிறவர். ஒருநாள்கூட வலது பக்கம் அடித்ததில்லை. அந்தப் பக்கம் அடிப்பவர்கள் ஆபீஸ் விருந்தாளிகளும், புதிதாகக் கல்யாணமான இளைஞர்களும்தான். அவர்களுடைய பந்துகள் எல்லாம் குட்டைக்குப் போகும்.

அந்தப் பந்துகளை நம்பி ஒரு குடும்பம் இருந்தது.

ரவி குட்டையில் இறங்குகிறவன். திங்கட்கிழமை கிளப்புக்கு விடுமுறை. உறுப்பினர்கள் வரமாட்டார்கள். பை தூக்கும் கேடிகள் அன்றைக்கு ஒரே மட்டையை நாலு பேர் மாற்றி மாற்றிப் பிடித்து ஆடிக்கொள்ளலாம். பந்து எடுப்பவர்கள் தண்ணீரில் இறங்கிக்கொள்ளலாம். எழுதாத ஏற்பாடு. ரவி இடுப்பில் ஒரு கோணியைக் கட்டிக்கொண்டு இறங்குவான். கண் தெரியாத சேற்றில் பாதத்தால் துழாவுவான். கால்விரலால் பந்தைக் கவ்வி மேலே கொண்டுவருவான். அவன் கால்விரல்களுக்குப் பந்தின் கம்பெனிப் பெயர்கூடத் தெரியும் என்று கேடிகள் சொல்வார்கள். இதில் பாதியை நம்பலாம். எடுத்த பந்துகளை அவனும் தம்பி சரவணனும் கழுவித் துடைத்து அத்திபெலேயில் ஒரு கடைக்குக் கொண்டுபோய்ப் போடுவார்கள். அவன் மனைவி காந்தா அதே மைதானத்தில் களை பறிக்கிறவள்.

ரவியும் கிளெமென்ட்டும் கூட்டாளிகள். "அண்ணே, நீங்க வெட்டுன கரைதான் எனக்கு ரேஷன் கார்டு" என்பான் ரவி. கிளெமென்ட் மார்பை நிமிர்த்திக்கொள்வான்.

இதுவரை கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். இனிமேல் கூட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை.

சென்ற வருடம் மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை சரவணன் அத்திபெலேக்குப் போயிருந்தான். ரவி தனியாக இறங்கினான். முந்தின நாள் ஏதோ கம்பெனி ஆட்டம், குட்டை நிறையப் பந்து. கோணி கனத்துவிட்டது. வழக்கமாகச் சரவணன் மேலே நின்று கோணியை முதலில் வாங்கிக்கொண்டு, பிறகு அண்ணனுக்குக் கை கொடுப்பான். அன்றைக்குக் கை கொடுக்க ஆள் இல்லை. மற்ற மூன்று பக்கமும் குவாரிப் பாறை, நட்டுக்குத்தாக. மண் இருந்தது இந்த ஒரு கரையில் மட்டும்தான்.

சாயங்காலம் கிளெமென்ட்தான் பார்த்தான். மழையில் ஊறிய வழுவழுப்பான புல்லில் விரல்கள் கிழித்த கோடுகள் இருந்தன. ஓர் இடத்தில் தொடங்கி முழ உயரம் ஏறி, வழுக்கி நின்றிருந்தன. கொஞ்சம் தள்ளி மறுபடி. இன்னும் தள்ளி மறுபடி. கரை நெடுக அப்படி இருந்தது. கடைசிக் கோடுகள் தண்ணீர் மட்டத்திலேயே நின்றுவிட்டன. மண்ணைப் பார்த்தே அதில் யார் என்ன செய்தார்கள் என்று சொல்லக்கூடியவன் கிளெமென்ட். அன்றைக்கு அந்தத் திறமை இல்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கோணி முடிச்சை ரவி அவிழ்க்கவில்லை. அவிழ்த்துப் போட்டிருந்தால் ஏறியிருப்பானோ என்று போலீஸ்காரர் கேட்டார். கூலியை யார் அவிழ்த்துத் தண்ணீரில் போடுவார்கள்.

அடக்கம் முடிந்த வாரம் கமிட்டி கூடியது. கிளெமென்ட்டையும் கூப்பிட்டார்கள். கம்பி வேலி போடலாமா என்று பேச்சு நடந்தது. வேலி போட்டால் பார்வைக்கு அழகு கெட்டுவிடும் என்று ஒருவர் சொன்னார். கிளெமென்ட் எழுந்து, "குட்டையை மூடிடலாம் சார். நானே மூடுறேன். மண்ணு இருக்கு" என்றான்.

அத்தனை வருடமாக மூடு மூடு என்று கத்தியவர்கள் எல்லோரும் அவனைப் பைத்தியம் போலப் பார்த்தார்கள்.

"என்ன கிளெமென்ட், நீயே இப்படிச் சொன்னா எப்படி?" என்றார் சேஷகிரி. குரல் நிஜமாகவே கம்மியது. "அந்த ஹோல் இல்லேன்னா இந்த கோர்ஸ்ல என்ன இருக்கு? நான் இன்னும் ரைட் சைடு ஒரு தடவைகூட அடிக்கலையேப்பா."

காந்தாவை அலுவலக வாசலில் உட்கார வைத்திருந்தார்கள். அவளையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். அவள் உள்ளே வரவில்லை, நிலைப்படியில் நின்றே பேசினாள்.

"மூடாதீங்க சார். எங்க கொழுந்தனாரு அதுலதான இறங்கணும், வேற என்னா தொழில் தெரியும் அவருக்கு? ஏறி வர்றதுக்கு ஒரு வழி பண்ணிக் குடுங்க. அது போதும்."

கிளெமென்ட் அதைப் பிடித்துக்கொண்டான். கரையைச் சரித்துக் கட்டலாம், ஒரு வாரம் குட்டைத் தண்ணீரை இறைத்தால் போதும் என்றான். சேஷகிரி நாட்காட்டியைப் பார்த்தார். ஜனவரியில் பெரிய போட்டி. வெளியூர் ஆட்டக்காரர்கள், கேமரா. அதற்குள் மண்ணைக் கிளறினால் புல் பிடிக்காது.

"டோர்னமென்ட் முடியட்டும். நோடோணா" என்றார்.

நோடோணா என்றால் கன்னடத்தில் பார்க்கலாம் என்று பொருள். கமிட்டிக்காரர் சொன்னால் வேறு பொருள். ஆனால் சேஷகிரி கெட்டவர் இல்லை. அன்றைக்கு அவர் அதை நம்பித்தான் சொன்னார்.

சரவணன் காத்திருக்க முடியாது. அடுத்த திங்கட்கிழமையே இறங்கினான். அதற்கடுத்த திங்கட்கிழமை கிளெமென்ட் டோசரைத் தொடாமல், கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போனான். தண்ணீர் வரைக்கும் படி வெட்டினான். ஒவ்வொரு படியிலும் ஒரு குவாரிக் கல் பலகையைப் பதித்தான். ஐம்பத்தெட்டு வயது, முதுகு வலி, கையெல்லாம் கொப்புளம்.

"இன்னாண்ணா இது, கோயில் கொளமா? மீனுக்குப் பொரி கொண்டாறட்டா?" என்றான் சரவணன், கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு.

"வாய மூடிக்கிட்டு ஏறிப் பாரு."

சரவணன் கோணியோடு ஏறினான். இறங்கினான். மறுபடி ஏறினான். மூன்றாவது தடவை மேல்படியில் உட்கார்ந்துகொண்டு அழுதான். கிளெமென்ட் கடப்பாரையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

டிசம்பர் கடைசியில் கிளெமென்ட், டோசருக்கு ஒரு உதிரிபாகம் தேடி ஓசூர் பக்கம் அலைந்துகொண்டிருந்த நாட்களில், போட்டிக்காக மைதானத்தை அழகுபடுத்தினார்கள். பதினான்காவது ஹோலில் கேமரா நிற்கப்போகிறது. கரையில் கல்லும் மண்ணுமாக என்ன அசிங்கம் என்று மேற்பார்வையாளருக்கு உத்தரவு வந்தது. களை பறிக்கும் பெண்களைக் கூட்டிப்போனார்கள். கற்களைப் பெயர்த்துத் தள்ளி, மண்ணை நிரவி, புல் பாளங்களைப் பதித்தார்கள். பதித்தவர்களில் காந்தாவும் ஒருத்தி.

"சார், இது ஏறுறதுக்கு வச்ச படி சார்" என்று அவள் சொன்னாள்.

"தெரியும்மா. டோர்னமென்ட் முடிஞ்சதும் திருப்பி வெச்சுக்கலாம். இப்ப தட்டு, நல்லா தட்டு" என்றார் மேற்பார்வையாளர்.

அவள் உள்ளங்கையால் தட்டினாள். போட்டி முடியும்வரை திங்கட்கிழமை ஏற்பாடு கிடையாது என்று அறிவித்திருந்தார்கள். ஆகவே சரவணன் வரமாட்டான், சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

சரவணனுக்கு வேறு கணக்கு. வெளியூர்க்காரர்கள் பயிற்சிக்கு வந்திருக்கிறார்கள், குட்டையின் பயங்கரம் அவர்களுக்குத் தெரியாது, வலது பக்கம் அடித்துத் தள்ளுவார்கள். மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், அவன் யார் கண்ணிலும் படாமல் பாறைப் பக்கமாகக் கயிற்றைப் போட்டு இறங்கினான். கயிறு இறங்க மட்டும்தான், கனத்த கோணியோடு அதில் ஏற முடியாது. ஏறத்தான் படி இருக்கிறதே. கோணி நிறைந்ததும் படி இருந்த இடத்துக்கு நீந்தி வந்தான். அங்கே பச்சையாகப் புல் இருந்தது.

இடம் தவறிவிட்டது என்று நினைத்தான். கொஞ்சம் தள்ளிப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தான். அண்ணன் போன அதே வழியில் அவனும் போய்க்கொண்டிருந்தான்.

புதுப் புல்லுக்குத் தண்ணீர் காட்ட காந்தா பைப்பை இழுத்துக்கொண்டு வந்தபோது, கரைக்குக் கீழே இருமல் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். கத்தினாள். கையிலிருந்த ரப்பர் பைப்பைக் கீழே விட்டாள். அவன் அதை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டான். அவள் மறுமுனையைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு புல்லில் மல்லாந்து விழுந்து காலை உதைத்து நின்றாள். மற்ற பெண்கள் ஓடி வரும்வரை அப்படியே கிடந்தாள். சரவணன் பிழைத்தான். வலது தோள்மூட்டு பிசகி, நெஞ்சில் சேற்றுத் தண்ணீர் இறங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்தான். இனி அந்தக் கை தலைக்கு மேலே போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கிளெமென்ட் அன்று மாலை, தேடிய உதிரிபாகத்தோடு, ஓசூரிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனான். காந்தா வராந்தாவில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தாண்ணா தட்டுனேன். வழவழன்னு வர்ற வரைக்கும் தட்டுனேன்."

அவன் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தான். மௌரீன் சோற்றைப் போட்டு ரசத்தை ஊற்றினாள். தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துவிட்டான்.

மறுநாள் காலை, முதல் பயிற்சி ஆட்டக்காரர் மட்டையை எடுப்பதற்கு முன்னால், பதினான்காவது ஹோலில் டோசர் சத்தம் கேட்டது. கரையின் விளிம்பிலிருந்து உள்வாங்கி, பின்னால் போய் மண்ணை வாரி, குட்டைக்குள் தள்ளிக்கொண்டிருந்தான் கிளெமென்ட். புல் பாளங்கள், பாறைத் துண்டுகள், கேமராவுக்காகக் கட்டிய மரமேடை, எல்லாம் ஒன்றாகப் போயின. காவலாளி ஊதலை ஊதிக்கொண்டே சுற்றிச் சுற்றி ஓடினான். சேஷகிரி பயிற்சி உடையோடு ஓடி வந்தார்.

"நில்சு! நிறுத்து கிளெமென்ட்! என்ன பண்றேன்னு தெரியுதா உனக்கு?"

"தெரியுது சார். கொஞ்சம் லெஃப்ட்ல நில்லுங்க. அந்தப் பக்கம் மண்ணு நிக்காது."

"இது உன் ஹோல்டா! நீ வெட்டினதுடா!"

"ஆமா சார்" என்றான். கியரை மாற்றினான்.

யாரும் இயந்திரத்துக்கு முன்னால் போய் நிற்கத் துணியவில்லை. டீசல் தீரும்வரை தள்ளினான். முடித்துவிட்டுச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்தான். செங்குத்தாக இருந்த கரை போய், அங்கே முரட்டுத்தனமான நீண்ட சரிவு ஒன்று தண்ணீருக்குள் இறங்கியது. ஒரு மாடு இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு ஏறி வரலாம்.

வேலை அன்றைக்கே போயிற்று. போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு பழைய சாவு விஷயமும் வெளியே வரும் என்று யாரோ எச்சரித்திருக்க வேண்டும், சத்தமில்லாமல் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கிளப் வாசலுக்குள் அவன் கால் வைக்கக் கூடாது என்று மட்டும் முடிவு. போட்டி பதினெட்டு ஹோலுக்குப் பதில் பதினேழோடு நடந்தது.

அதன் பிறகு கிளெமென்ட் வீட்டோடு இருந்தான். பூசை பார்க்கப் போவான், வருவான். தெருவில் மெட்ரோ வேலைக்காரர்கள் பள்ளம் தோண்டினால், அந்தப் பக்கமே போகாமல் சுற்றிப் போவான். முன்பெல்லாம் பள்ளத்துக்குப் பக்கத்தில் நின்று குறை சொல்லாமல் அவனால் நகர முடியாது.

மழை வந்தது, போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காந்தா ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன், மௌரீனிடம் வாங்கிய இட்லிப் பானையைத் திருப்பிக் கொடுக்க. காந்தா மடியிலிருந்து ஒரு வெள்ளைப் பந்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"கேப்டன் சார் குடுத்தாருண்ணா. உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாரு. வலது பக்கம் அடிச்சிட்டாராம்."

"யாரு? சேஷகிரியா?" கிளெமென்ட் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அவரு மட்டுமா? இப்ப எல்லாரும் அந்தப் பக்கந்தாண்ணா அடிக்கிறாங்க. நீங்க தள்ளுன மண்ணுல புல்லு மொளைச்சிடுச்சு. பந்து ஓரத்துல வுழுந்தா நேரா தண்ணிக்குப் போறதில்ல. பாதி சரிவுல நின்னுக்குது. ஒரு கால மேல, ஒரு கால கீழ வச்சுக்கினு அங்கேந்தே திருப்பி அடிக்கிறாங்க. செல பேரு தப்பிச்சிடறாங்க, செல பேரு ரெண்டாவது அடில தண்ணிக்குப் போட்டுடறாங்க. ஒரே சிரிப்பும் சத்தமுமா கெடக்குது. ஆடி முடிச்சவங்களே வண்டிய எடுத்துக்கினு மறுபடி வர்றாங்க, இன்னொருக்கா பாக்கலாம்னு. முன்ன எப்ப இப்பிடி? எல்லாம் பயந்துக்கினு அந்தப் பக்கந்தான போவாங்க."

"பாத்தியா கிளெம்!" மௌரீனுக்குத் தாங்கவில்லை. "தொலைச்சுட்டேன் தொலைச்சுட்டேன்னு உக்காந்திருந்தியே! முன்னவிட நல்லா வந்திருக்குது மேன்!"

கிளெமென்ட் பந்தைக் கையில் எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகத்தில் மகிழ்ச்சி வரும் என்று நான் காத்திருந்தேன். முதலில் அதுதான் வந்தது. கண்கூடப் பளிச்சிட்டது. பிறகு அது அப்படியே நின்று, மெல்ல வடிந்தது.

"வரமாட்டான்னு சொன்னாரு" என்றான். "லாயிட் சொன்னாரு. இப்பிடி வெட்டினா எவனும் வரமாட்டான்னு. நீளமாத்தான் வரைஞ்சிருந்தாரு. தப்பிக்க வழி இருந்தாத்தான துணிஞ்சு வருவான். எனக்கு அப்பப் புரியல."

மௌரீன் அடுப்பைப் பார்க்கப் போவது போல எழுந்து, போகாமல் நின்றாள்.

காந்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அப்ப அந்தச் செங்குத்து ஆட்டத்துக்குக்கூட வேண்டியதில்லையாண்ணா?"

"வேண்டியதில்லம்மா."

"மொதல்லயே இப்பிடி இருந்திருந்தா, அவரு கோணியோட ஏறி வந்திருப்பாரா?"

கிளெமென்ட் பந்தை மேஜைமேல் வைத்தான்.

"வந்திருப்பான்மா. நடந்தே வந்திருப்பான்."

காந்தா தலையை ஆட்டினாள். மௌரீன் கொடுத்த காப்பியைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வாசலில் கிடந்த செருப்பைக் காலால் திருப்பிப் போட்டு மாட்டிக்கொண்டாள். வரேண்ணா என்று சொல்லவில்லை. பஸ் நிறுத்தம் எந்தப் பக்கம் என்று என்னைத்தான் கேட்டாள்.

மௌரீன் மறுநாள் அந்தப் பந்தை எடுத்து எங்கேயோ வைத்துவிட்டாள். எங்கே என்று அவன் கேட்கவில்லை.